மேக்னம் இல்லாவிட்டால் கரடி சாகாதா?

கருங்கரடிக்குத் தோலும் கொழுப்பும் தடிமன், காயம்பட்டால் திரும்பிப் பாயும், ஆகவே .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற அதிவேகத் தோட்டாவுக்குக் குறைந்த எதையும் எடுத்துச் செல்வது பொறுப்பின்மை: அமெரிக்க வேட்டைக்காரர் பலரின் வாதம் இது.

முதலில் தூரம். மெய்ன் மாநிலக் காடுகளில் இரை வைத்துக் காத்திருப்பவர் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் சுடுகிறார். அங்கே 1895-இல் வந்த .30-30 தோட்டாவே, 170 கிரெய்ன் எடைக் குண்டோடு, நுரையீரலைத் துளைக்கப் போதும். நூறாண்டுக்கும் மேலாக அதற்கு விழுந்த கரடிகள் என்ன, தற்கொலை செய்துகொண்டனவா?

இரண்டாவது, கொழுப்பும் அடர்மயிரும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தடம் பிடிப்பது கடினம். உண்மைதான். அதற்கு மருந்து வேகமா? இல்லை. விரிந்தாலும் சிதறாமல் மறுபக்கம் வெளியேறும் குண்டு. மெல்லிய உறைக் குண்டை மேக்னம் வேகத்தில் கிட்டத்தில் சுட்டால் தோள் எலும்பிலேயே நொறுங்கிப்போகலாம். மேக்னம் பக்தர்கள் இதை மட்டும் பேசுவதில்லை.

மூன்றாவது, உதைப்பு. அதற்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுப்பவரின் குண்டு குடலில் பாயும். குடலில் பட்ட கரடியை எந்த மேக்னம் அங்கேயே வீழ்த்தும்?

கிரிஸ்லி கரடி திரியும் மொன்டானா மலைகளில் கணக்கு வேறு. அதை மெய்ன் காட்டுக்கு இழுத்து வராதீர்கள். பெரிய துப்பாக்கிக்கு வைத்த பணத்தில் நல்ல தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.