துடைப்பத்துக்கு ஏது புறவாசல்?

பத்து, பதினைந்து ஆண்டுகள் தினக்கூலியாக உழைத்த ஒருவர் பணி நிரந்தரம் கேட்டுப் போனால், அதிகாரிகள் எடுத்து நீட்டுவது ஒரே பெயரைத்தான்: உமாதேவி வழக்கு. 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு அது. முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்களை நிரந்தரமாக்கினால், வெளியே வேலைக்குக் காத்திருப்பவர்களின் சமவாய்ப்பு பறிபோகும் என்பது அதன் வாதம். சுருக்கமாகச் சொன்னால், புறவாசல் நியமனம் கூடாது.

இடஒதுக்கீட்டுக்காகப் போராடும் நாமும் புறவாசல் நியமனத்தை எதிர்ப்பவர்கள்தான். ஆனால் தோழர்களே, குப்பை அள்ளவும் சாக்கடை வாரவும் யார் சிபாரிசு பிடித்து, வரிசையை மீறி உள்ளே வந்தார்கள்? அந்த வேலைக்கு ஆள் எடுத்தது தேர்வாணையம் அல்ல, சாதி. அம்மா கூட்டிய தெருவை மகள் கூட்டுகிறாள். வேலையைக் கொடுக்கும்போது சாதியைப் பார்த்தவர்கள், உரிமையைக் கேட்கும்போது மட்டும் சமத்துவம் பேசுகிறார்கள்.

அதே உமாதேவி தீர்ப்பின் 53ஆவது பத்தியை இவர்கள் படித்துக் காட்டுவதில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், நீதிமன்ற உத்தரவின் துணையின்றி, பத்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்த தகுதியுள்ளவர்களை ஒரே முறை நடவடிக்கையாக நிரந்தரமாக்க அரசுகள் ஆறு மாதத்துக்குள் முயற்சி தொடங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

அண்மைத் தீர்ப்புகள் இந்தத் தந்திரத்தை உடைத்திருக்கின்றன. 2024 டிசம்பர் 20 அன்று தீர்ப்பான ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்களைப் பணி நிரந்தரம் செய்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களை நீக்கிவிட்டு அதே வேலையை வெளியாருக்குக் கொடுத்ததே அது நிரந்தர வேலை என்பதைக் காட்டுகிறது என்றது. கல்வித் தகுதி இல்லை என்ற சாக்கையும் ஏற்கவில்லை. 2025 ஜனவரி 31 அன்று காஜியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கில், சுரண்டலை நியாயப்படுத்த உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்க முடியாது என்று சொன்னது.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து, கடை போன்ற நிறுவனங்களில் 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளர் என்கிறது அது. ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்திருந்து நிரந்தர உரிமையை மறுப்பது முறையற்ற தொழிலாளர் நடைமுறை என்று தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

சட்டம் இருந்தும் நடப்பது என்ன? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் தொழிலாளர்கள் பதின்மூன்று நாட்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தனியார்மயத்தின் கணக்கு எளிது: முதலாளி யார் என்பதையே மாற்றிவிட்டால், பத்தாண்டு உழைப்புக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

மாணவத் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. வழக்குகள் பலவும் தோற்பது நியாயம் இல்லாமல் அல்ல, ஆதாரம் இல்லாமல். வருகைப் பதிவேடு, அடையாள அட்டை, வைப்பு நிதி எண், இஎஸ்ஐ அட்டை, வங்கிக் கணக்கில் கூலி ஏறிய பதிவு, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாமே சாட்சிதான். உங்கள் பகுதித் தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவற்றைத் திரட்டுங்கள். பதிவேடுகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வேலையை விட்டு நிறுத்திய பிறகு தேடினால் கிடைக்காது, இப்போதே தொடங்குங்கள்.

பணி நிரந்தரம் சலுகை அல்ல. ஏற்கெனவே செய்து முடித்த உழைப்புக்கு அரசு வைத்திருக்கும் பாக்கி.