காலி உறைக்குக் கப்பல் உண்டா?

மத்திய அந்தமானில் உள்ள ரங்கத்தில் தேங்காய் மட்டை கயிறாகலாம், மீன் கழிவு உரமாகலாம். கடல் தாண்டி வரும் பிஸ்கட்டின் பிளாஸ்டிக் உறை?

உறையைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் கடமை என்கின்றன மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள். 2022-இல் இலக்குகளும் வந்தன. ஆனால் கணக்கு நாடு முழுமைக்கும் பொது. எங்கோ மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழை வாங்கினாலே போதும். ரங்கத் உறை, அருகே கத்பர்ட் விரிகுடாவில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலில் கிடந்தாலும் நிறுவனத்தின் கணக்கு சரியாக இருக்கும்.

நீலகிரியில் 2022-இல் மதுப் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. தீவில் விற்றதற்குத் தீவிலேயே கணக்குக் கேட்டால், சரக்கு கொண்டுவரும் கப்பலில் காலி உறைக்கும் இடம் கிடைத்துவிடும்.