ஸ்மார்ட் வீடா? முதல்ல ஒரு தெர்மாமீட்டர் வைங்க

ரொம்ப நாளாச்சு இங்க எழுதி. தீசிஸ், பார்ட் டைம் வேலை, ப்ரிஃபெக்சர் பேப்பர்னு வழக்கமான சாக்கு எல்லாம் இருக்கு. அதை விடுங்க.

போன வாரம் கூடப் படிக்கிற ஒருத்தன் அவனோட "ஸ்மார்ட் வீட்டை"ப் பார்க்கக் கூப்பிட்டிருந்தான். கதவைத் திறந்தா விளக்கு எரியுது. கை தட்டினா பாட்டு வருது. காபி மெஷின் காலையில தானே ஆன் ஆகுதாம். எல்லாம் பார்த்துட்டு, "சரிடா, இப்ப இந்த ரூம் எவ்வளவு சூடா இருக்கு?"ன்னு கேட்டேன். போனை எடுத்துப் பாரிஸ் வெப்பநிலையைச் சொன்னான். அது ஊரோட வெப்பநிலை. அவன் ரூமோட வெப்பநிலை அவனுக்கும் தெரியல, அத்தனை காசு போட்டு வாங்கின பெட்டிகளுக்கும் தெரியல.

அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன். என் கட்சி இதுதான்: தன் வீட்டைத் தானே அளக்கத் தெரியாத வீடு ஸ்மார்ட் வீடு இல்ல. அளந்த கணக்கு வீட்டுக்காரன் கையில இல்லாட்டியும் அது ஸ்மார்ட் வீடு இல்ல.

என் ரூமைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். லா சப்பல் மெட்ரோவுல இறங்கி, கொத்து ரொட்டி வாசனையையும் நகைக்கடை போர்டுகளையும் தாண்டி வந்தா ஒரு பழைய கட்டடம். லிஃப்ட் கிடையாது. மேல ஏறிக்கிட்டே இருந்தா, இனி ஏற இடமில்லைங்கற இடத்துல என் ரூம். அந்தக் காலத்துல வேலைக்காரப் பொண்ணுங்க தங்கின ரூம். ஷாம்ப்ர் த பொன்னுன்னு பேர். 10 சதுர மீட்டர். 9 இருந்தாலே வாடகைக்கு விடலாம்னு 2002-ல வந்த ஆணை சொல்லுது, அதனால நான் ஒரு மீட்டர் பணக்காரன் :-) தலைக்கு மேல ஒரு கூரை ஜன்னல். அதுக்கு மேல பாரிஸோட பேர்போன துத்தநாகத் தகட்டுக் கூரை.

இந்தக் கூரை போடற தொழில் திறமையை 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. சேர்க்கட்டும், அந்த வேலைக்காரங்க கையில கலை இருக்கு. ஆனா நம்மூர்ல தகரக் கொட்டகையில மே மாசம் மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு, அந்தப் பாரம்பரியத்துக்குக் கீழ தூங்கறது எப்படின்னு நான் விளக்க வேண்டாம்.

2025 ஜூன் கடைசியில ஒரு வெயில் வந்தது. ஜூலை 1-ம் தேதி பாரிஸுக்குச் சிவப்பு எச்சரிக்கை, ஈஃபிள் கோபுரத்தோட உச்சியைக்கூட மூடிட்டாங்க. அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் என் "வானிலை நிலையம்" வேலை செய்ய ஆரம்பிச்சிருந்தது. பெரிய பேருதான். உள்ள இருக்கறது இவ்வளவுதான்: வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு ரெண்டு. வெப்பநிலை, ஈரப்பதம், காத்தழுத்தம் மூணையும் அளக்கற பிஎம்இ280 சென்சார் ரெண்டு. ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. கணக்கு வச்சுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் ராஸ்பெரி பை. அதுல ஹோம் அசிஸ்டண்ட்ங்கற இலவச மென்பொருள். 2013-ல இருந்து உலகம் முழுக்க ஆளுங்க சேர்ந்து எழுதிட்டு வர்ற ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம் அது.

முதல் வாரம் எல்லாம் தப்பு. வெளி சென்சாரை ஜன்னல் கம்பியில கட்டினேன், மத்தியானம் 47 டிகிரி காட்டுச்சு. அது காத்தோட சூடு இல்ல, வெயில்ல காஞ்ச சென்சாரோட சூடு. உள் சென்சாரை போர்டோட ஒரே டப்பாவுல அடைச்சேன். வைஃபை சிப்போட சொந்தச் சூடே ரெண்டு டிகிரி ஏத்திடுச்சு. அப்புறம்தான் படிச்சேன். 19-ம் நூற்றாண்டுலயே தாமஸ் ஸ்டீவன்சன்னு ஒரு கலங்கரை விளக்க எஞ்சினியர் (புதையல் தீவு எழுதினாரே, அவரோட அப்பா) இதுக்கு வழி சொல்லிட்டுப் போயிட்டார். வெள்ளைப் பெட்டி, சுத்தியும் சாய்வுப் பலகை, காத்து போகணும், வெயில் படக்கூடாது. நான் வெள்ளை பிளாஸ்டிக் பூந்தொட்டித் தட்டு ஆறை இட்லித் தட்டு மாதிரி இடைவெளி விட்டு அடுக்கி, நடுவுல சென்சாரைத் தொங்கவிட்டு, வடக்கு பார்த்த பக்கம் மாட்டினேன். உள் சென்சாரை ஒரு முழ ஒயர்ல போர்டை விட்டுத் தள்ளி வச்சேன். நம்பர் ஒழுங்காச்சு.

இனிதான் விஷயமே.

வெயில் காலத்துல எல்லாரும் ஒரே அறிவுரை சொல்வாங்க: பகல் பூரா ஜன்னலை மூடு, ராத்திரி திற. கீழ்த்தளத்துல தடிமனான கல் சுவர் வீட்டுக்கு அது ரொம்பச் சரி. நான் மளிகை வாங்கற கடை அண்ணனுக்கு அது பொருந்தும், அவர் கடை மத்தியானமும் குகை மாதிரி ஜில்லுனு இருக்கும். என் ரூம் கிராஃப் வேற கதை சொல்லுச்சு. விடியக்காலை வெளிய 24, உள்ள 27. ஒன்பதரைக்கு ரெண்டு கோடும் சந்திக்குது, அப்ப மூடணும். ஆனா மத்தியானம் ரெண்டரைக்கு மறுபடி சந்திக்குது. அதுக்கு மேல கூரை சுட்டு, உள்ளதான் வெளியை விடச் சூடு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளிய 37, உள்ள 39. நல்ல பிள்ளையா அறிவுரையைக் கேட்டு மூடியே வச்சிருந்தா, அடுப்புக்கு மூடி போட்ட மாதிரி. முந்தின வருஷம் முழுக்க அதைத்தான் செஞ்சிருக்கேன்.

இந்த ரெண்டரை மணி எந்த ஆப்லயும் இல்ல. இருக்கவும் முடியாது. பாரிஸோட அதிகாரபூர்வ வெப்பநிலை மோன்சூரி பூங்காவுல எடுக்கறது. 2019 ஜூலை 25-ல பதிவான 42.6 டிகிரி சாதனையும் அங்கதான். 1947-ல இருந்த 40.4-ஐ அது முறியடிச்சது. ஊரோட தெற்குக் கோடியில, மரத்துக்கு நடுவுல இருக்கற இடம். நூறு வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல அளந்தாத்தான் பருவநிலை மாறுதான்னு தெரியும், அதனால அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு ரயில் நிலையத் தண்டவாளங்களுக்கு நடுவுல, கல்லும் தாருமா இருக்கற எங்க தெரு அந்தப் பூங்கா இல்ல. எங்க தெரு என் ரூமும் இல்ல. சென்னைக்காரங்களுக்கு இது புதுசில்ல. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில தாம்பரத்துக்கு 49 செ.மீ., மீனம்பாக்கத்துக்கு அதை விட ரொம்பக் குறைவு. "சென்னையில மழை"ன்னு ஒரே நம்பர் சொன்னா யாருக்கு என்ன புரியும்?

சரி, ஆட்டோமேஷன் எங்கேன்னு கேப்பீங்க. ஜன்னலுக்கு மோட்டார் எல்லாம் வைக்கல. ரூல் மூணுதான். வெளி உள்ளை விட ஒரு டிகிரி குறைஞ்சா "திற"ன்னு மணி அடிக்கும். கூடினா "மூடு". காத்தழுத்தம் மூணு மணி நேரத்துல சட்டுனு இறங்கினா, இடிமழை வரலாம், கூரை ஜன்னலுக்குக் கீழ இருக்கற லேப்டாப்பை நகர்த்துன்னு போனுக்குச் செய்தி. திறக்கறதும் மூடறதும் என் கை.

குளிர்காலத்துலயும் இது சோறு போடுது. சின்ன ரூம்ல சாதம் வடிச்சு, துணியும் காயப்போட்டா சுவரெல்லாம் பூஞ்சை. வெளிய ஈரப்பதம் 90 சதவீதம்னு பார்த்துட்டு, ஜன்னலைத் திறந்தா இன்னும் ஈரமாகும்னு நினைப்போம். தப்பு. 5 டிகிரியில 90 சதவீதம்னா ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 6 கிராம் தண்ணிதான். என் ரூம்ல 20 டிகிரியில 65 சதவீதம்னா 11 கிராம். பத்து நிமிஷம் திறந்தா ஈரம் வெளிய போகும். உள்ள வந்த காத்து சூடானதும் 35 சதவீதத்துக்கு வந்துடும். சதவீதத்தை விட்டுட்டு கிராமை ஒப்பிடச் சொல்லி ஒரு வரி எழுதினேன். பூஞ்சை நின்னுச்சு.

இப்ப நான் உண்மையில சொல்ல வந்த ஆளுக்கு வர்றேன்.

எங்க வராந்தாவுல கடைசி ரூம்ல ஒரு ஐயா இருக்கார். எழுபது தாண்டினவர், யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவர், தனி ஆள், இதய மாத்திரை சாப்பிடறவர். அந்த ஜூலை வெயில்ல படியில மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருந்தார். "2003இல நான் இதே அறையிலதான் இருந்தனான் தம்பி. இதுக்கு அது பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன்"னார்.

2003 ஆகஸ்ட்ல ஃபிரான்ஸ்ல வெயிலால ஏறக்குறைய 15,000 பேர் செத்தாங்க. பெரும்பாலும் வயசானவங்க. அப்புறம் நடந்த ஆய்வுல, கூரைக்கு நேர் கீழ படுக்கையறை இருக்கறது சாவு அபாயத்தைக் கூட்டுச்சுன்னு தெரிஞ்சது. ராத்திரியிலயும் சூடு இறங்காட்டி உடம்பு ஓய்வெடுக்க முடியாது. அதனாலதான் பாரிஸுக்கு எச்சரிக்கை விடும்போது பகல் 31, ராத்திரி 21னு ரெண்டு எல்லையையும் மூணு நாள் சராசரியில பார்க்கறாங்க. ஐயா ரூம்ல ராத்திரி 21 எங்க வரப்போகுது?

மூணாவது சென்சார் ஒண்ணு செஞ்சு எடுத்துட்டுப் போனேன். அவர் அதைக் கையில வாங்கல.

"உந்தப் பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்குமோ?"

"இல்லைங்கையா, சூட்டை மட்டும்தான் அளக்கும்."

"அப்ப நான் அறையில இருக்கிறனோ இல்லையோ எண்டு ஆருக்கும் தெரியவராதோ?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. ஏன்னா தெரியவரும். ஈரப்பதக் கோட்டைப் பார்த்தா எப்ப சமைக்கிறார், எப்ப குளிக்கிறார், எப்ப ஆளே இல்லன்னு சொல்லிடலாம். வீட்டுக்குள்ள யார் இருக்கான்னு வெளிய தெரியறது உயிர்ப் பிரச்சனையா இருந்த ஊர்ல இருந்து வந்தவர், எஞ்சினியரிங் படிக்காமலே கேட்ட கேள்வி அது. ஸ்மார்ட் வீடு விக்கறவங்களும் வாங்கறவங்களும் அதைக் கேக்கறதே இல்ல. கடையில வாங்கற பெட்டிகள்ல பல, நம்ம ரூம் கணக்கை எங்கியோ இருக்கற சர்வருக்கு அனுப்பி, அங்க இருந்து நமக்கே திருப்பித் தருது. நெட் போனா கணக்கும் போச்சு. கம்பெனி சேவையை நிறுத்தினா பெட்டியே குப்பை.

அதனால திரும்ப உட்கார்ந்து மாத்தினேன். ஐயாவோட கணக்கு கட்டடத்தை விட்டு வெளிய போகாது. அவர் ரூம்ல சின்னத் திரை, அதுல நம்பர். ஈரப்பதத்தை எடுத்தே விட்டேன், அவருக்கு அது வேண்டாம். பத்து நாளுக்கு மேல பழைய கணக்கு அழிஞ்சுடும். ராத்திரி பத்துக்கு மேலயும் 32 டிகிரிக்குக் குறையாட்டி மட்டும் எனக்கு மணி அடிக்கும். பக்கத்துலயே ஒரு ஸ்விட்ச். அதை அணைச்சா எல்லாம் அணையும். "இப்ப வைக்கலாம்"னார். முதல் மூணு நாள் அணைச்சேதான் வச்சிருந்தார். நாலாம் நாள் அவரே போட்டார்.

மணி அடிச்சா நான் செய்யறது ஒண்ணும் பெரிசில்ல. கதவைத் தட்டுவேன், ஈரத்துணி, தண்ணி. பகல்ல அவரைக் கூட்டிட்டுப் போய் மாவட்ட மேரியில திறக்கற குளிரூட்டின ஹால்ல உட்கார வைப்பேன். நகராட்சியோட ரெஃப்ளெக்ஸ் பட்டியல்ல அவர் பேரைப் பதிஞ்சோம். வெயில் அலையில அவங்களே போன் பண்ணி விசாரிப்பாங்க.

வெளி சென்சார் கணக்கை மட்டும் ஊருக்கே திறந்து விட்டிருக்கேன். அது தெருவோட சொத்து. 1854-ல கருங்கடல் புயல்ல போர்க்கப்பல்கள் மூழ்கினப்ப, இதே பாரிஸ் வானாய்வுக்கூடத்துல இருந்த லெ வெரியே பல ஊர்க் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து, தந்தி மூலமா முன்கூட்டியே சொல்ல ஒரு வலையமைப்பு வேணும்னார். வானம் பொது, அதனால பகிர்ந்தா லாபம். கூரைக்குக் கீழ இருக்கறது பொது இல்ல. இந்தக் கோட்டை எங்க போடணும்கறதுதான் என்னைப் பொறுத்தவரை ஸ்மார்ட் வீட்டோட முக்கியமான டிசைன் கேள்வி.

"ஒரு ஏசி போட்டா முடிஞ்சுது, இதெல்லாம் எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு: வெளிப்பெட்டி மாட்ட கட்டட உரிமையாளர்கள் கூட்டத்தோட அனுமதி வேணும். எங்க வராந்தா ஒயரிங் அதைத் தாங்குமான்னும் தெரியல. நம்பர் ரூமைக் குளிர வைக்காதுங்கறதும் உண்மை, ஒத்துக்கறேன். ஆனா ஒரு காரியம் செஞ்சுது. வீட்டு ஓனருக்கு ரூம் சுடுதுன்னு எழுதினப்ப, ஊரே சுடுதுன்னு ஒரு வரியில பதில் வந்தது. ரெண்டு கோடு உள்ள கிராஃபை அனுப்பினேன். ராத்திரி 11 மணிக்கு ஊர் 30, ரூம் 35. ரெண்டு வாரம் சத்தமில்ல. அப்புறம் கூரை ஜன்னலுக்கு வெளிப்பக்கம் திரை போடப் பாதிக் காசு தர்றேன்னார். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தற திரை. மீதிப் பாதி நானும் ஐயாவும்.

செலவு விவரம் கேக்கறவங்களுக்கு: ராஸ்பெரி பை நீங்கலா 40 யூரோவுக்குள்ள முடிஞ்சது, பூந்தொட்டித் தட்டு உட்பட. கை தட்டினா பாட்டு வராது. பரவாயில்ல.

பி.கு: நேத்து ஐயா கதவைத் தட்டினார். "தம்பி, ரெண்டரை ஆச்சு, ஜன்னலைத் திறக்கேல்லையோ?" நான் ஹெட்ஃபோன் மாட்டிட்டு மணியைக் கவனிக்கல. அந்த வேலையை அவர் எடுத்துக்கிட்டார்.