மாட்டுக்கு இங்கே தடை, அங்கே வரி: இழப்பு யாருக்கு?

புதுதில்லி: இந்தியாவும் வங்கதேசமும் வெங்காயம் முதல் பருத்தி வரை ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கவரி விகிதம் வைத்துள்ளன. ஆனால், பல்லாண்டுகளாக இரு நாடுகளுக்கும் இடையே நடந்த மாட்டு வணிகம் இந்தியாவின் ஏற்றுமதிக் கணக்கில் ஏறியதே இல்லை.

உரிமமின்றி உயிருள்ள மாடுகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நம் சட்டத்தில் இடமில்லை. ஆனால், 4,096 கி.மீ. நீள எல்லையைக் கடந்துவிட்ட மாட்டை, உரிமையாளர் இல்லாதது எனக் கருதி வங்கதேச அதிகாரிகள் கைப்பற்றி வந்தனர். வியாபாரி தலைக்கு 500 டாக்கா செலுத்தியதும் அது அவருக்குச் சொந்தமானது. பெயர் எதுவாயினும், நடைமுறையில் அது இறக்குமதி வரியே. வரி டாக்காவுக்குச் சென்றது. லாபம் கடத்தல்காரர்களுக்குச் சென்றது. 2020-ல் சிபிஐ பதிவு செய்த மாடு கடத்தல் வழக்கில் எல்லைப் பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவரே கைதானார்.

2015 ஏப்ரலில் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங், கடத்தலை முற்றிலும் தடுக்குமாறு எல்லைப் படையினரைக் கேட்டுக்கொண்டார். மாடு வரத்து குறைந்தது. வங்கதேசமோ உள்நாட்டு வளர்ப்பை ஊக்குவித்தது. 2023 பக்ரீத்துக்குத் தேவையான ஒரு கோடிக்கும் அதிகமான கால்நடைகள் உள்நாட்டிலேயே இருப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

இதற்கிடையே எருமை இறைச்சி ஏற்றுமதி தடையின்றி நடந்தது. இறைச்சிக் கூடங்களுக்கு மத்திய அரசு மானியம் தருவதாக 2014 தேர்தல் பிரசாரத்தில் நரேந்திர மோடி சாடினார். ஆட்சி மாறிய பின்னரும் அந்த ஏற்றுமதி நிற்கவில்லை. 2014-15 நிதியாண்டில் அதன் மதிப்பு 470 கோடி டாலரைத் தாண்டியது. எருமைக்கு ஒரு கொள்கை, பசுவுக்கு ஒரு கொள்கை என்பதே நிலை.

இதன் தாக்கம் தென்மாநிலங்களையும் தொட்டது. நேபாளத்தின் காதிமாய் திருவிழாவுக்கு மாடுகள் கடத்தப்படுவதைத் தடுக்க 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கே, 2017 மே மாதக் கால்நடைச் சந்தை விதிகளுக்கு வித்திட்டது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்க அவை தடை விதித்தன. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வாளையாறு வழியே பாலக்காட்டுக்கும் கொச்சிக்கும் மாடு செல்லும் வணிகம் ஆட்டம் கண்டது. கேரள சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விதித்த இடைக்காலத் தடையை, அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

1898-ஆம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டத்துக்கு மாற்றாக, ஏற்றுமதியையும் உள்ளடக்கிய வரைவு மசோதாவை 2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது. விலங்குநல அமைப்புகள் எதிர்த்ததும் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நாடாளுமன்றத்தை அது எட்டவே இல்லை.

கறவை வற்றிய மாட்டுக்குத் தீவனம் போடும் செலவு சிறு விவசாயியின் தலையில்தான் விழுகிறது. ஏற்றுமதியை அனுமதிப்பதாயின் வரியும் கண்காணிப்பும் தேவை; தடுப்பதாயின் அந்த மாட்டைப் பராமரிக்க நிதி தேவை. இரண்டையும் தவிர்த்துவிட்டு எல்லைக் காவலரிடம் பொறுப்பை ஒப்படைப்பது கொள்கையாகாது. அவையில் இது முழுமையாக விவாதிக்கப்பட வேண்டும்.