ஊதச் சொல்ற மெஷின் உண்மையைச் சொல்லுதா?

"சார், கொஞ்சம் ஊதுங்க."

போன மாசம் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து, ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பைபாஸிலிருந்து ஊருக்குள் பிரியும் இடத்தில் பேரிகார்டு. வண்டி ஓட்டியது சித்தப்பா. காபியே அரை டம்ளருக்கு மேல் குடிக்காதவர். ஊதினார். மெஷின் 38 என்றது. சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. "பீடாவைத் தவிர எதையும் வாயில வைக்கலைங்க" என்று பின் சீட்டிலிருந்து சித்தி கிட்டத்தட்ட அழுதேவிட்டார். ஏட்டய்யா நல்ல மனிதர். மெஷினை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டி, குழாயை மாற்றி, "இன்னொரு தடவை ஊதுங்க" என்றார். இப்போது 0.

"பழைய மெஷின் சார்... அப்பப்ப இப்படித்தான் பண்ணும்" என்று சிரித்தபடி வழிவிட்டார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் ரெண்டாவது தடவை ஊதச் சொல்லாமல் இருந்திருந்தால்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு பாயும். முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டுமே. லைசென்ஸுக்கும் சிக்கல். டிரைவர் வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் ஃபைன் இல்லை, சோத்துப் பிரச்னை.

இந்த மெஷின் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலை அளந்து, அதிலிருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. உள்ளே இருக்கும் சென்சார் நாளாக நாளாகத் தளரும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் காலிபரேஷன், அதாவது அளவு தெரிந்த ஆல்கஹால் ஆவியைக் கொடுத்து மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவது, அவசியம். மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை இல்லை என்றால் சண்டைக்குப் போகிறோம். ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய தராசுக்கு முத்திரை கேட்கிறோமா?

கேரளாவில் ஒருவர் கேட்டார். யாரும் ஊதுவதற்கு முன்னால் மெஷின் பூஜ்யம் காட்ட வேண்டும். 'ஏர் பிளாங்க்' சோதனை என்பார்கள். அவர் வழக்கில் அது பூஜ்யம் காட்டவே இல்லை. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் அவர் மீதான 185-வது பிரிவு வழக்கை ரத்து செய்துவிட்டது. அதே வருஷம் பந்தளம் அரசுப் போக்குவரத்து டெப்போவில் பலாப்பழம் சாப்பிட்ட டிரைவர்கள் ஊதி மாட்டிக்கொண்ட கதையும் நடந்தது. மெஷின்மேல் தப்பில்லை, பழுத்த பலாச்சுளை அப்படி. வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் சுமார் 15 நிமிஷத்தில் போய்விடும். காத்திருந்து மறுபடி ஊதச் சொன்னால் விஷயம் முடிந்தது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். நிஜமாகவே குடித்துவிட்டு ஓட்டியவரின் வக்கீலும் அதே கேள்வியைத்தானே கேட்பார்? "இந்தக் கருவி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?" பதில் இல்லை என்றால் கேஸ் ஆட்டம் கண்டுவிடும். ராத்திரி முழுக்கக் கால்கடுக்க நின்ற போலீஸ்காரரின் உழைப்பு வீண்.

பெருநகரங்களில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா வந்துவிட்டது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த 167A விதியும் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களையும் ஒரு பட்டியலில் உள்ள 132 நகரங்களையும்தான் முக்கியமாகச் சொல்கிறது. அந்த விதியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. கேமரா, ஸ்பீடு கன் போன்ற கருவிகள் சரியாக வேலை செய்கின்றன என்று மாநில அரசு நியமிக்கும் அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ரேடார் ஸ்பீடு கன்னைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகளிலும் 2025-ல் சேர்த்துவிட்டார்கள். ஆக, பழைய சாமான் இனி சட்டப்படியும் செல்லாக்காசு ஆகப்போகிறது.

ஆனால், பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன ஊர் ஸ்டேஷனுக்குப் புது மெஷின் வருவது குதிரைக்கொம்பு. தலைமையகத்தில் டெண்டர் முடிந்து, மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து கடைக்கோடிக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். அங்கே நிற்கும் பேரிகார்டைப் பாருங்கள், நகைக்கடை விளம்பரம் இருக்கும். ஊர்க்காரர்கள் ஸ்பான்சர். பேரிகார்டு கண்ணுக்குத் தெரியும், அதனால் ஸ்பான்சர் கிடைக்கும். காலிபரேஷனுக்கு யார் கொடுப்பார்கள்? அதில் எந்தக் கடையின் பெயரை எழுதுவது? என்னைக் கேட்டால், பத்து மெஷின் வாங்கும் காசில் ஆறு வாங்கி, மீதியைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். வாங்கும் நாளில் போட்டோ எடுக்கிறார்கள். சர்வீஸுக்கு அனுப்பும் நாளில் எடுப்பதில்லை. அங்கேதான் எல்லாம் கோட்டை விடுகிறது.

அதுவரை நாமே கொஞ்சம் உஷாராக இருக்கலாம். ஊதுவதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் குழாய் கேளுங்கள். சந்தேகம் என்றால், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் சட்டத்தின் 204-வது பிரிவில் இடம் இருக்கிறது. நடுராத்திரியில் தாலுகா ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டரைத் தேடிப் பிடிப்பது தனிக் கதை.

அடுத்த மாசம் அதே ரூட்டில் ஒரு வளைகாப்பு இருக்கிறது. பகல் விசேஷம்தான். ஆனாலும் பீடா வேண்டாம் என்று சித்தப்பா இப்போதே சொல்லிவிட்டார்.