தாய்மாமன் மடி போதாது

ரவாங்கில் ஒரு தாமான் வீடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட கணவனும் மனைவியும் வீடு திரும்பவில்லை. பத்து வயது மகள், ஆறு வயதுத் தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் அடுக்கியிருந்த மூலையில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள். "பிள்ளைங்கள நான் வச்சிக்கிறேன்" என்றார் தாய்மாமன். "எங்க அண்ணன் பிள்ளைங்க, எங்க வீட்லதான் வளரணும்" என்றார் அத்தை. இருவரும் மனதாரத்தான் சொன்னார்கள். பெற்றவர்கள் யாரை நினைத்திருந்தார்கள் என்பதுதான் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விடியற்காலையில் ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குக் கிளம்பும் நம் பெற்றோர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிறோம். அந்த மடி ஆயுசுக்கும் உண்டு என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும், அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும்போதும், தகப்பன் விட்டுப்போன பணம் பிள்ளை பெயரில் வரும்போதும், "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். "மாமா" என்ற பதில் அங்கே எடுபடாது. தாளைக் கேட்பார்கள். தாள் இல்லையென்றால் நீதிமன்றப் படி ஏற வேண்டும். மாமனும் அத்தையும் முட்டிக்கொண்டால் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை, அந்தக் குடும்பத்தை அதுவரை பார்த்திராத ஒரு நீதிபதி முடிவு செய்வார்.

இதற்கு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவல் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தன் மறைவுக்குப் பின் பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்பதை உயிலிலோ பத்திரத்திலோ எழுதிவைக்கும் உரிமையைத் தகப்பனுக்கும் தருகிறது, தாய்க்கும் தருகிறது. பெற்றவர்கள் இருவருக்கும் பிள்ளைமீது சம உரிமை என்று 1999இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முஸ்லிம் அல்லாதவர்களின் பிள்ளைகள் இந்தச் சட்டப்படி 21 வயது வரை சிறார்தான். இஸ்லாமிய வாசகர்களுக்கு மாநில ஷரியா சட்டம் பொருந்தும். அவர்கள் அதற்குரிய வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நாங்க என்ன பங்களாவா கட்டி வச்சிருக்கோம், உயில் எழுத?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பிள்ளை இருக்கிறதே! தீபகற்ப மலேசியாவில் 18 வயது நிறைந்த எவரும் உயில் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் ஏதும் எழுதிவைத்தால் அந்தக் கொடை செல்லாது. அதனால் மாமனுக்கு எதையாவது கொடுப்பதாக இருந்தால் அவரைச் சாட்சியாக உட்கார வைக்காதீர்கள். மறுமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும். அதில் எழுதிய பாதுகாவலர் பெயரும் அதோடு போய்விடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இல்லாமல் போனால், பிரிந்துபோன கணவர் உயிரோடு இருக்கும்வரை சட்டம் முதலில் அவரைத்தான் பார்க்கும். நீங்கள் எழுதிய பாதுகாவலர் அவரோடு சேர்ந்துதான் செயல்பட முடியும். அவர் மறுத்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அப்படியிருந்தும் எழுதத்தான் வேண்டும். பிள்ளைக்காக அங்கே போய் நிற்க ஒருவர் வேண்டாமா?

கோயிலில் தாலி கட்டியதோடு திருமணப் பதிவை விட்டுவிட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் பிள்ளைக்குப் பங்கு கிடைக்காமல் போகலாம். குடியுரிமைக்கும் தாயை வைத்தே பார்க்கிறார்கள். முதலில் பதிவை முடியுங்கள்.

பெயரை எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். பாசம் இருந்தும் உடம்புக்கு முடியாத பாட்டி, வீட்டில் இடமில்லாத தம்பி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கடம் இருக்கும். அதை இப்போதே பேசிவிடலாம். வளர்ப்பவர் ஒருவராகவும் பணத்தைப் பொறுப்பாக வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். அக்காள் தம்பியைப் பிரிக்கக் கூடாது என்றால் அதையும் எழுதுங்கள்.

உயிலோடு ஒரு கடிதமும் வையுங்கள். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் என்ன மருந்து, எதைச் சாப்பிட்டால் தடிக்கும், எந்த விளக்கு எரிந்தால் தூங்குவான் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்த ரவாங் வீட்டில் இதையெல்லாம் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தவள் அந்தப் பத்து வயதுப் பெண்.