மூன்று நாள் குறிப்பு போதும்

முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்த மண் புதுக்கோட்டை. பெண்கள் மருத்துவம் படிக்கவே தயங்கிய காலத்தில் மருத்துவரானவர். அந்த மண்ணிலும், தும்மினால் சிறுநீர் கசிவதை வெளியே சொல்லக் கூசும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆண்களோ, இரவில் நாலைந்து முறை எழுவதற்கு வயதின் மேல் பழிபோடுகிறார்கள்.

இந்தச் சிறுநீர்க் கோளாறுகளைக் கண்டறியும் முதல் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். என்ன குடித்தார், எத்தனை முறை, எத்தனை மில்லி கழித்தார், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் எழுதி வைத்தாலே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். பிறகு சிறுநீர்ப் பரிசோதனை. கழித்தபின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஸ்கேன். மிச்சம் 50 மில்லிக்குள் என்றால் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் பை சரியாகக் காலியாகவில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் இது வலியே இல்லாமல் வளரக்கூடும்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள், சர்க்கரையோடு சிறுநீர்க் கோளாறையும் விசாரிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.